பாஸ்கு மேடையும் புகைக்குழாயும்: ஜெனரேட்டர் இரைச்சல் பற்றி ஓர் ஆய்வு

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் பாதிரியார்களைப் பற்றி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டார்கள். வீரமாமுனிவர் அங்கே பணியாற்றியது வரும். ஹோமெம் பாதிரியார் 1747இல் புதுக் கோயில் கட்டியது வரும். ஈஸ்டரை ஒட்டி இயேசுவின் பாடுகளை நடித்துக்காட்டும் பாஸ்கு நாடகமும் தேரும் வரும். ஆனால் இப்படிப் பாஸ்கு போடுகிற ஊர்களில் மேடைக்குப் பின்னால், குட்டியானை வண்டியில் ஏற்றிய மேனிக்கு நின்று விடிய விடிய இரையும் ஜெனரேட்டரைப் பற்றி அறிஞர் உலகம் வாய் திறந்ததில்லை. திறந்திருந்தாலும் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. இக்குறையைத் தீர்க்க எழுந்த இவ்வாய்வின் துணிபு ஒன்றே: ஜெனரேட்டர் சத்தத்தை அடக்கும் கருவி புகைக்குழாயின் நுனியில் இல்லை, ஒயரின் நீளத்தில் இருக்கிறது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்பாரும் உளர். தெரிந்தும் ஏன் வண்டி மேடையை ஒட்டியே நிற்கிறது என்பதே நம் ஆராய்ச்சி.

முதலில் சத்தத்தின் குலமுறை. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. இரண்டு துருவ ஆல்டர்னேட்டர் அதைக் கொடுக்க நிமிடத்துக்கு 3000 சுற்று ஓட வேண்டும். நான்கு துருவம் என்றால் 1500 போதும். ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். ஆகவே 3000 சுற்றில் ஓடும் சிறிய ஜெனரேட்டர் நொடிக்கு 25 முறை புகையைக் குழாய் வழியே அறைந்து வெளியே தள்ளுகிறது. காற்றில் இந்த 25 சுழற்சி ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 14 மீட்டர். இந்த எண்ணை வாசகர் மனத்தில் முடிந்துகொள்ள வேண்டும். பின்னால் வரப்போகிற சாக்குப்பைகளின் தலையெழுத்தை நிர்ணயிப்பது இதுதான். அடிப்படை அதிர்வோடு அதன் மடங்குகளும் சேர்ந்து வருகின்றன. ‘பட பட’ என்று காதைக் குத்துவது மடங்குகள். வயிற்றில் ‘டுப் டுப்’ என்று உணரப்படுவது அடிப்படை.

இனி முன்னையோர் முயற்சிகள். ஈரச்சாக்கைக் குழாய் வாயில் கட்டுவது ஒரு மரபு. ஒலியை உறிஞ்சும் பொருள் தன் வேலையைச் சரிவரச் செய்ய, அதன் கனம் அலைநீளத்தில் கால் பங்காவது இருப்பது நல்லது. நம் கணக்குப்படி சாக்கின் கனம் மூன்றரை மீட்டர் வேண்டும். அவ்வளவு சாக்கு கையில் இருக்கும் கமிட்டி நாடகம் போடாது, நெல் மண்டி வைக்கும். ஒற்றைச் சாக்கு மேல் சுருதியைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவே. காய்ந்தால் தீப்பிடிக்கும் என்பது கூடுதல் பயன். குழாய் நுனியை வாளித் தண்ணீரில் முக்குவது இரண்டாவது மரபு. இது உண்மையிலேயே சத்தத்தைக் குறைக்கும். படகுகளின் புகைவழியில் தண்ணீர் சேர்ப்பதும் இந்த வழியைச் சேர்ந்ததுதான். ஆனால் இன்ஜின் நின்று குழாய் குளிரும்போது உள்ளே உறிஞ்சப்படும் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்பதை மறுநாள் மெக்கானிக் சொல்வார். மூன்றாவது, குழி தோண்டிக் கல்லை நிரப்பி அதற்குள் புகையை விடுவது. குழியை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் போக முடியாதாகையால், வாடகை ஜெனரேட்டர்காரர்கள் இதை ஏற்பதில்லை.

சைலன்சர் என்ற முறையான கருவியையும் குறைத்துப் பேசக் கூடாது. உள்ளே அறை அறையாகத் தடுத்து அலையை அலையாலேயே முட்டவைப்பது ஒரு வகை. துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சை அடைப்பது இன்னொரு வகை. துப்பாக்கிக்குச் சைலன்சர் செய்து 1909இல் காப்புரிமை பெற்ற ஹிராம் பெர்சி மாக்சிம், மோட்டார் இன்ஜின்களின் புகைக்குழாய்க்கும் அதே வித்தையைக் கொண்டுவந்தவர். ஆயினும் பஞ்சு பெரிதும் மேல் சுருதிக்குத்தான் மருந்து. அடிப்படை டுப்-டுப்புக்கு இடம்தான் மருந்து, அதாவது பெரிய வயிறுள்ள அறை. குட்டியானையின் முதுகிலோ ஜெனரேட்டர், டீசல் கேன், ஒயர்ச் சுருள், படுத்துத் தூங்க ஒரு பாய் ஆகியவை போக மிச்சமிருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தூக்குக்கு மட்டுமே.

எனவே எஞ்சுவது தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். மேடையிலிருந்து 5 மீட்டரில் நிற்கும் வண்டியை 80 மீட்டருக்குத் தள்ளினால் நான்கு இரட்டிப்பு, 24 டெசிபல். ஒலித்தடுப்புக் கூண்டு குறைந்தது 25 டெசிபல் குறைக்க வேண்டும் என்பது சட்டம் வைத்த அளவு. பல ஆயிரம் ரூபாய்க் கூண்டு செய்யும் வேலையைக் கிட்டத்தட்ட அப்படியே ஒரு ஒயர்ச் சுருள் செய்துவிடுகிறது. தூரம் போனால் கரண்ட் இறங்கிவிடும் என்ற அச்சமும் கணக்கில் நிற்காது. 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், போக வர 160 மீட்டர், 10 ஆம்பியர் என்று வைத்தால் இழப்பு சுமார் 8 வோல்ட். 230இல் 8 போனதை எல்இடி விளக்கு உணராது; உணர்ந்தாலும் காட்டிக்கொள்ளாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை என்பதால், மேடைக்குப் பின்னால் படுதாவுக்குள் மேக்கப் போட்டுக்கொண்டிருக்கும் சீடர்கள் பன்னிருவரின் நலன் கருதியும் வண்டி தள்ளி நிற்பதே நல்லது.

சினிமாவில் இதற்குச் சான்று உண்டு. தமிழ்ப்படத்தில் வசனத்தைப் பின்னால் டப்பிங்கில் பேசிக்கொள்ளும் வழக்கம் உள்ளவரை, படப்பிடிப்பு இடத்தில் கேரவன் ஜெனரேட்டர் உறுமினாலும் ஒருவரும் கவலைப்படத் தேவையில்லை. கதாநாயகி உதட்டை அசைத்தால் போதும். ‘விருமாண்டி’ (2004) போல வசனத்தை அந்த இடத்திலேயே பதிவுசெய்யும் படம் என்று வரும்போதுதான் ஜெனரேட்டர் வேன் எங்கே நிற்கிறது என்பது இயக்குநரின் கவலையாகிறது. பாஸ்கு நாடகத்துக்கு டப்பிங் கிடையாது. இரைச்சல் நடுவே பேசுபவர் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவார் என்று பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இல் எடுத்துக்காட்டினார். நம் மேடையில் நடிகர் உயர்த்துவார், மைக் செட்காரரும் உயர்த்துவார், மைக் கூவும், ஆம்ப்ளிஃபயர் கூடுதல் கரண்ட் இழுக்கும், இன்ஜின் இன்னும் முக்கும். ஜெனரேட்டரின் சத்தத்தை அமுக்க அதே ஜெனரேட்டரின் மின்சாரத்தைச் செலவழிப்பது கடன்காரனிடமே வாங்கிக் கடனை அடைப்பதாகும்.

இதில் மிக நுட்பமான இடம் ஒன்று உண்டு. சிலுவைக் காட்சியில் பூமியெங்கும் இருள் சூழ வேண்டும். லைட் செட்காரர் எல்லா விளக்கையும் ஒரே நொடியில் அணைப்பார். சுமை திடீரென்று இறங்கியதும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் சுதாரித்து எரிபொருளைக் குறைப்பதற்குள், இன்ஜின் ஒருகணம் துள்ளி வேகமெடுக்கும். ஆக, ஊரே மூச்சடக்கி உட்கார்ந்திருக்கும் அந்தக் கணத்தில், இரவு முழுக்க வராத ஒரு உறுமல் மேடைக்குப் பின்னாலிருந்து வருகிறது. நூற்றுவர் தலைவன் தன் வசனத்தை அதற்கு அப்புறம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தச் சைலன்சரும் இந்தத் துள்ளலைத் தடுக்காது. சைலன்சர் குழாயில் இருக்கிறது, துள்ளலோ சுமையில் இருக்கிறது. 80 மீட்டரும் துள்ளலைத் தடுக்காது, ஆனால் அதன் உறுமலைத் தேய்த்துவிடும்.

மறுப்புரைகளுக்கு வருவோம். 2005 ஜனவரி 1 முதல் தயாரிக்கப்படும் 1000 கேவிஏ வரையிலான டீசல் ஜெனரேட்டர்கள் கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டமே இருக்கிறதே, சைலன்ட் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தால் ஆய்வுக்கு வேலை இல்லையே என்பர் சிலர். அற்றன்று. 75 என்பது அமைதிக்கு வைத்த பெயர் அல்ல, சத்தத்துக்கு வைத்த வேலி. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45தான் என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. கூண்டுக் கதவைச் சூடு தணியத் திறந்துவைக்கும் பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டால், சைலன்ட் ஜெனரேட்டருக்கும் தூரம் தேவையே. சத்தம் கேட்டால்தான் கரண்ட் இருக்கிறது என்று சனங்களுக்குத் தைரியம் என்பர் வேறு சிலர். விளக்கு எரிவதைக் கண்ணால் பார்ப்பவர்களுக்கு இந்தச் சாட்சி எதற்கு என்பது விளங்கவில்லை.

மூன்றாவது மறுப்பை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதுதான் உண்மையான மறுப்பு. வண்டி நிற்கும் கோணத்தைக் கவனித்தால் அது புலப்படும். மேடையின் பக்கவாட்டுப் படுதா இடுக்கு வழியே நடிப்பு தெரிகிற இடத்தில்தான் வண்டியின் பின்பக்கம் இருக்கும். அங்கே கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பவர் ஜெனரேட்டர்காரர். அவரும் நாடகம் பார்க்க வந்தவரே. 80 மீட்டருக்கு அப்பால், புளியமரத்து இருட்டில், டீசல் கேனுக்குத் துணையாக ஒரு மனிதரை விடிய விடிய உட்காரவைப்பதை இயற்பியல் அனுமதிக்கும், அவர் அனுமதிக்க மாட்டார். இதுவரை வந்த சாக்கு, வாளி, குழி எல்லாமே இந்த மனிதரை இடம்பெயர்க்காமல் சத்தத்தை மட்டும் இடம்பெயர்க்கப் பார்த்தவை, ஆகவே தோற்றவை.

தீர்வு, ஆகவே, ஆள்மாற்று. முக்கியமான பிற்பகுதிக்கு அவரை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள நாடகக் குழுவிலிருந்தே ஒருவரை அனுப்ப வேண்டும். யாரை? பேதுருவுக்கு உயிர்த்தெழுதல் காலையில் வேலை இருக்கிறது. பிலாத்து கை கழுவிவிட்டதாகச் சொன்னாலும், உடலைக் கேட்டு அரிமத்தியா ஊர் யோசேப்பு வரும்போது அரியணையில் இருந்தாக வேண்டும். பரபாஸ் விடுதலையானவர், அவரை மறுபடி ஒரு இடத்தில் கட்டிப்போடுவது தீர்ப்புக்கு முரண். மத்தேயு நற்செய்தியின் வரிசைப்படி பார்த்தால், பிலாத்துவின் விசாரணைக்கு முன்பே வேலை முடிந்து, மறுபடி மேடையேறத் தேவையில்லாதவர் யூதாஸ் ஒருவரே. டார்ச்சு ஒன்றும் டீ ஒன்றும் கொடுத்து அவரை அனுப்பலாம். கூலியை மட்டும் முன்கூட்டியே சில்லறையாக எண்ணிக் கொடுக்காமல், காலையில் ஜெனரேட்டர் வாடகையோடு சேர்த்துக் கணக்கு முடித்துக்கொள்வது கமிட்டிக்கு நல்லது.