விரலை விரிச்சா மலை விரியுமா?

வாங்க தம்பி, பையை இறக்கி வச்சு உக்காருங்க. போனுக்குள்ள மலையையே அடைச்சுக் கொண்டாந்திருக்கீங்களாமே, சந்தோசம். சிக்னல் இல்லாத காட்டுலயும் அது வழி சொல்லுமாம். அதையும் நம்புறேன். ஆனா நான் தலையாரி வேலை பாத்துப் பென்சன் வாங்குற கிழவன். சர்வேயருக்குச் சங்கிலி பிடிச்ச கை இது. அதனால ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க: போனுல மலை இருக்கு, சரி. என்ன அளவுல இருக்கு?

பாத்தீங்களா, கேட்டதும் ரெண்டு விரலை வச்சு விரிச்சுட்டீங்க. “எம்புட்டு வேணும்னாலும் பெருசாக்கலாம் தாத்தா”ங்குறீங்க. ஆகட்டும். மோருலயும் எம்புட்டுத் தண்ணி வேணும்னாலும் ஊத்தலாம். பானை நிறையும், வெண்ணெய் கூடாது.

எங்க ஊர்ல ரெண்டு பங்காளிக இப்படித்தான் வரப்புச் சண்டை போட்டாக. ஒருத்தன் புலப்படத்தைக் கொண்டுபோய் ஜெராக்ஸ் கடையில ரெண்டு மடங்கு பெருசாக்கிட்டு வந்தான். படத்துக்கு அடியில 1:2000-னு அப்படியே இருக்கு. அந்த அளவுல அரை மில்லிமீட்டர் மசிக்கோடு தரையில ஒரு மீட்டர். கடைக்காரன் பெருக்குனதும் கோடு ஒரு மில்லிமீட்டர் ஆயிருச்சு. அடியில எழுதியிருந்த கணக்குப்படி பாத்தா தரையில ரெண்டு மீட்டர்! இவன் கோட்டுக்கு அந்தப் பக்கம் அளக்குறான், அவன் இந்தப் பக்கம் அளக்குறான். நடுவுல ஒரு தென்னையே வைக்கலாம். சர்வேயர் வந்து படத்தை மடிச்சு ஓரமா வச்சுட்டு எல்லைக்கல்லைத் தேடினாரு. உங்க போனுலயும் அந்த ஜெராக்ஸ் கடை ஒண்ணு இருக்கு தம்பி. காசு கேக்கலைங்கிறதுதான் வித்தியாசம்.

என் பேத்தி மெட்ராசுல கம்ப்யூட்டர் வேலை பாக்குறா. அவ சொல்லித்தான் எனக்கு இது விளங்குச்சு. உலகம் பூராத்தையும் ஒரே சதுரத்துல வரைஞ்சு, அதுக்கு 0-ன்னு பேரு வச்சிருக்காங்க. சதுரம் 256 புள்ளி அகலம், 256 புள்ளி உயரம். ஒரு படி உள்ள போனா அது நாலு சதுரமாகும், அடுத்த படியில பதினாறு. உங்க போனு ‘சூம் 14’னு காட்டுதே, பதினாலு தடவை நாலு நாலா வெட்டினதுன்னு அர்த்தம். நம்ம போடி மலைப் பக்கம் 14-ல ஒரு புள்ளி தரையில 9 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. 15-ல 4.7 மீட்டர். 16-ல 2.4. 17-ல 1.2. 18-க்குப் போனா 60 சென்டிமீட்டர்.

நீங்க வீட்டுல இருந்து இறக்கிட்டு வந்தது 14 வரைக்கும். இங்க வந்து 18-க்கு விரிக்கிறீங்க. போனு மாட்டேன்னு சொல்லாது, அது ரொம்ப மரியாதைக்காரப் பிள்ளை. 14-ல இருந்த ஒத்தப் புள்ளியை நீளத்துக்குப் பதினாறு, அகலத்துக்குப் பதினாறுன்னு இழுத்து 256 புள்ளி இடத்துல பரப்பி வச்சிரும். பாதையும் ஓடையும் ஒண்ணாக் கலங்கித் தெரியும். நீங்களும் “ஆகா, கிட்டக்க வந்துருச்சு”ன்னு நடப்பீங்க. கிட்டக்க வந்தது உங்க மூக்குதான்.

“அப்ப 18 வரைக்கும் இறக்கிட்டா?” புத்திசாலி! ஆனா செலவைக் கேளுங்க. 20 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் காடுன்னு வைங்க. 16-ல ஏறக்குறைய 1,100 சதுரம். 17-ல 4,400. 18-ல 17,600. ஒவ்வொரு படிக்கும் நாலு மடங்கு. இதுல இன்னொரு கூத்து, எல்லாரும் சேந்து வரையுற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னோட பொதுச் சர்வர்ல இருந்து மொத்தமா அள்ளிக்கிட்டுப் போகக் கூடாதுன்னு விதியே போட்டிருக்கு. தர்மத்துக்கு வச்ச தண்ணிப்பந்தல்ல லாரியை நிறுத்திக் குழாய் போட்டா விடுவாங்களா?

இப்ப ஆஸ்மேண்ட், ஆர்கானிக் மேப்ஸ்னு செயலி வச்சிருக்கிற பிள்ளைக சிரிக்கும். அந்தச் செயலிகளுக்குச் சதுரப் படம் வேண்டாம். கோட்டையும் பேரையும் கணக்காவே சேத்து வச்சுக்கிட்டு, நீங்க விரிக்க விரிக்கப் புதுசா வரைஞ்சு காட்டும். எந்தப் படியிலயும் மங்காது. உள்ள போகப் போக, தூரத்துல மறைச்சு வச்சிருந்த ஒத்தையடிப் பாதையும் ஊத்தும்கூடத் தலை நீட்டும். அது நிசமான லாபம், நான் மறுக்கலை. ஆனா எல்லாம் தலைகாட்டி முடிஞ்ச பெறகும் விரிச்சீங்கன்னா, அதே கோடுதான் இன்னும் பளிச்சுன்னு வரும். பளிச்சுன்னு இருக்கிறதெல்லாம் சரியா இருக்கும்னு யாரு சொன்னா? அந்தக் கோடு, 2004-ல தொடங்கின ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புல யாரோ ஒரு புண்ணியவான் நடந்து பதிவு பண்ணினதா இருக்கும். இல்லாட்டி வீட்டுல உக்காந்து செயற்கைக்கோள் படத்துமேல இழுத்ததா இருக்கும். மரம் மூடின சோலைக்காட்டுல மேல இருந்து பாத்தா பாதையா தெரியும்? பச்சைதான் தெரியும்.

அடுத்து உங்க போனோட விலை உசந்த கண்ணாடி. அதுல இஞ்சுக்கு நானூறு புள்ளியாமே! அதுதான் வம்பு. வீட்டுல பழைய கம்ப்யூட்டர்ல பாத்தப்ப 256 புள்ளிச் சதுரம் ஏழு சென்டிமீட்டர் கிட்ட இருந்துச்சு, எழுத்து நல்லாத் தெரிஞ்சுச்சு. அதே சதுரம் உங்க போனுல 1.6 சென்டிமீட்டர். ஊருப் பேரு பொடி எழுத்தாயிரும். எனக்கு வெள்ளெழுத்துன்னு சொல்லித் தப்பிக்கலாம், உங்களுக்கு இருபத்தஞ்சு வயசுல என்ன சாக்கு? படத்தை இன்னொரு படி விரிச்சா எழுத்துப் பெருசாகும், ஆனா சுத்துவட்டாரம் மறைஞ்சிரும். எதிர்க்க இருக்கிற மலைப்பேரு தெரியாம, காலடியில இருக்கிற புதரோட பேரையா படிக்கப்போறீங்க? ஆஸ்மேண்டுல படத்தைப் பெருக்க ஒரு அமைப்பு இருக்கு, எழுத்தை மட்டும் பெருசாக்க இன்னொண்ணு இருக்கு. ரெண்டாவதைத் தொடுங்க. சதுரப் படம்தான்னா, 512 புள்ளியில அடர்த்தியா வரைஞ்சது கிடைக்குதான்னு பாத்து வாங்குங்க.

நீலப் புள்ளிக்கு வருவோம். வானம் திறந்து கெடந்தா நல்ல போனு 5 மீட்டர் சுத்துக்குள்ள இடம் சொல்லும். மரத்தடியிலயும் பாறை இடுக்குலயும் அந்தச் சுத்து இன்னும் பெருசாகும். புள்ளியைச் சுத்தி வெளிர் நீல வட்டம் தெரியுதுல்ல, அது அலங்காரமில்ல. “இதுக்குள்ள எங்கயோ இருக்கே, எங்கன்னு எனக்கே தெரியாது”ன்னு போனு ஒத்துக்கிற இடம். நான் ஒரு பையனைப் பாத்தேன். நல்ல பாதை, மாடு போற பாதை, அதுமேலேயே நிக்கிறான். படத்தை 19-க்கு விரிச்சு வச்சிருக்கான். புள்ளி பாதையை விட்டு ரெண்டு விரக்கடை தள்ளித் தெரியுது. உடனே புள்ளியைப் பாதைக்குக் கொண்டாரணும்னு, காலுக்கடியில இருந்த பாதையை விட்டுட்டு லாண்டனா முள்ளுக்குள்ள இறங்கிட்டான். “தம்பி, எங்க?”ன்னேன். “பாதைக்குப் போறேன் தாத்தா”ன்னான். போனை வாங்கி மூணு படி பின்னுக்குத் தள்ளிக் கொடுத்தேன். புள்ளி பாதைமேல ஏறிக்கிச்சு. முள்ளு எடுக்கத்தான் நேரமாச்சு.

உயரக் கணக்குலதான் உசுரு இருக்கு, அதனால இதை மட்டும் கேலி இல்லாமச் சொல்றேன். லாம்டன் துரை 1802-ல பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி போட்டு அளந்த பெறகுதான் நாட்டை அளக்க முக்கோணம் போட ஆரம்பிச்சாரு. அந்த வழியில வந்த இந்திய சர்வேயோட 1:50,000 தாளுல சம உயரக் கோடு 20 மீட்டருக்கு ஒண்ணு. உங்க போனுல இருக்கிற சம உயரக் கோட்டுல பெரும்பகுதி வேற வகை. 2000 பிப்ரவரியில எண்டெவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுத்தி ரேடார்ல எடுத்த கணக்கு அது. அமெரிக்காவுக்கு வெளியே ரொம்ப நாளு 90 மீட்டருக்கு ஒரு உயரம்தான் கொடுத்தாங்க; 2014-ல இருந்துதான் 30 மீட்டருக்கு ஒண்ணு வந்துச்சு. அடர்ந்த காட்டுல அந்த ரேடார் பெரும்பாலும் மரத்தலையில பட்டே திரும்பிரும், மண்ணைத் தொடாது. இப்ப யோசிங்க. 15 மீட்டர் செங்குத்துப் பாறை ஒண்ணு நடுவுல நிக்குது. 20 மீட்டர் கோடு ரெண்டுக்கும் ஊடால அது முழுசா ஒளிஞ்சுக்கலாம். 30 மீட்டர் கணக்கு அதைத் தேச்சு, சாதுவான சரிவாக் காட்டிரும். நீங்க கோட்டை எம்புட்டு விரிச்சாலும் அந்தப் பாறை வெளிய வராது. கால் வச்சாத்தான் வரும். கோடு நெருக்கமா இருக்கிற இடத்துல குறுக்குவழி தேடாதீங்க.

சரி, கிழவன் திட்டிக்கிட்டே இருக்கான்னு நினைக்காதீங்க, சோலியையும் சொல்லிர்றேன். மொத்தமா இறக்க விடுற இடமாப் பாத்து, மொத்தக் காட்டுக்கும் 12-ல இருந்து 16 வரைக்கும் இறக்குங்க, நடக்கிற ஆளுக்கு அது தாராளம். பாதை பிரியுற இடம், தண்ணி இருக்கிற இடம், ராத்தங்குற இடம், இதுகளுக்கு மட்டும் 17 எடுங்க. வீட்டை விட்டுக் கிளம்பு முன்னாடி போனை ஏரோபிளேன் மோடுல போட்டு, போற வழி பூராத்தையும் ஒருக்கா தடவிப் பாருங்க; வெள்ளைச் சதுரம் தெரிஞ்சா அது பனி இல்ல, நீங்க இறக்க மறந்தது. படத்து மூலையில அளவுகோடு ஒண்ணு இருக்கும், அதை மறைச்சு வைக்காதீங்க. அந்தக் கோடு 20 மீட்டர்னு காட்டுதுன்னா, உங்க புள்ளியோட தடுமாட்டமே அதுல கால்வாசின்னு ஞாபகம் வைங்க. நடக்கும்போது 15, 16-ல வைங்க. சந்தேகம் வந்தா உள்ள போகாம வெளிய வாங்க. முகடு எது, பள்ளம் எது, வெளிச்சம் எந்தப் பக்கம்னு தலையை நிமித்திப் பாருங்க. அது எந்தப் படியிலயும் மங்காது. வனத்துறை அனுமதிச் சீட்டும் அச்சுப் போட்ட தாளு ஒண்ணும் பையில இருக்கட்டும். ரெண்டுக்கும் சார்ஜ் வேண்டியதில்ல.

கூட வர்ற உள்ளூர் ஆளுக்குக் கூலி கொடுக்கும்போது மட்டும் அந்த ரெண்டு விரலை நல்லா விரிங்க தம்பி. அங்க விரிச்சா நிசமாவே பெருகும்.