இலீவு: மன்னார்த் தீவில் ஓர் ஆராய்ச்சி

லகரம் மொழிக்கு முதலில் வராது என்பது பழைய இலக்கண விதி. ஆகவே 'லீவு' பிழை. 'இலீவு' என்றே எழுதவேண்டும். பிரித்தால் இல் + ஈவு. ஈவு கொடுக்கப்படுவது, இலீவு கொடுக்கப்படாதது. தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டி 'இல்லீவு' ஆகவேண்டுமே என்று புலவர் ஒருவர் பாய்வார். ஒரு லீவுக்கே வழியில்லாத கந்தோரில் லகரத்துக்கு மட்டும் இரண்டா? (அயல்மேசைக்காரர், வாய்மொழி, காலைத் தேநீர்.)

தாபன விதிக்கோவை 12ஆம் அத்தியாயப்படி அரச உத்தியோகத்தருக்கு ஆண்டுக்கு அமய லீவு 21 நாள், ஓய்வு லீவு 24 நாள். கோவை அலுமாரியில் இருக்கிறது; சாவி பெரியவரிடம்.

இனி வகைகள். அமய லீவு: காய்ச்சல் என்று சொல்லிப் போவது. சுகயீன லீவு: காய்ச்சலே வந்து, ஒருவரும் நம்பாமல் போவது.

திருவிழா லீவுதான் ஆராயத்தக்கது. மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு ஓகஸ்ட் 6இல் கொடியேறும், 15இல் பெருவிழா. (பஞ்சாங்கப்படி அன்றைக்கும் ஆடிதான். ஆவணி மட்டும் யாரிடமோ ஒப்பம் வாங்கி இரண்டு நாள் முந்தி வந்துவிடுகிறது.) அது பொது விடுமுறை அல்ல. கனடாச் சொந்தங்களும் அந்தக் கிழமைதான் வந்து இறங்கும்.

லீவுப் படிவம் பொது 125 அ. பதில் கடமை பார்ப்பவர் அதில் ஒப்பமிட வேண்டும். படிவத்தோடு அயல்மேசைக்குப் போனேன். அவர் பேசாமல் லாச்சியைத் திறந்து தன் படிவத்தை எடுத்து வைத்தார். அதே திகதி, அதே இடம் வெறுமை. இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். (மேற்படியார், மௌனம், மதியம், மீன்குழம்பு ஊற்றுமுன், திருத்திய பதிப்பு, ஊற்றிய பின்.)

மூன்றாமவர் சைவர், திருக்கேதீச்சரப் பக்கம். நம்பிப் போனேன். மடுவில் கொட்டில் போட அவர் தறப்பாளே வாங்கிவிட்டார். மாதாவிடம் சைவரும் போவதை மறந்தது என் ஆய்வுமுறையின் குறை. (பெயர் சொல்ல விரும்பாதவர், பிற்பகல் 4.10, விரல்ரேகை இயந்திர வரிசை, பாதி சொல்லில், பாதி பெருமூச்சில்; மறுநாள் மறுத்துவிட்டார்.)

பள்ளிமுனைப் பெருக்கமரத்துக்கு வயது சொல்ல அறிஞர்கள் கடமை லீவில் வருகிறார்கள். கட்டிப்பிடித்து அளந்து, ஆளுக்கொரு நூற்றாண்டு சொல்லி, நண்டுக்கறி எங்கே நல்லது என்று விசாரிக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் கடமை பார்ப்பவர் யார் என்று ஒரு கட்டுரையும் சொல்லவில்லை. ஆளே தேவைப்படவில்லை என்பது என் துணிபு.

இதை வாசிப்பவர்களில் யாராவது ஓகஸ்ட் 14, 15 இரண்டு நாளும் ஊரில் நிற்பீர்களானால், ஒரேயொரு ஒப்பம் தேவைப்படுகிறது. பேனை நான் கொண்டுவருகிறேன்.