கூழைக்கடாவைக் கேட்டால்...

கே: கூழைக்கடா தன் மார்பைக் கொத்தி, ரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டும் என்று எங்கள் ஐயர் பிரசங்கத்தில் சொன்னார். உண்மையா?

ப: ஐயர் புதிதாக எதுவும் சொல்லிவிடவில்லை. 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் தம் நற்கருணைப் பாடலில் இயேசுவைக் கூழைக்கடா என்றுதான் அழைத்தார். ஐரோப்பாவில் பலிபீடங்களில்கூட அந்தப் பறவையைச் செதுக்கி வைத்தார்கள். கூழைக்கடாவைக் கேட்டால்தான் ஒப்புக்கொள்ளாது. மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்துக்குப் போய்ப் பாருங்கள். ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு. தாய் வாயைப் பிளக்கும். குஞ்சு தலையைக் கழுத்தோடு அந்தத் தொண்டைப் பைக்குள் விட்டு, பாதி செரித்த மீனைத் தோண்டித் தின்னும். அப்போது அலகு மார்பில் அழுந்தும். தூரத்தில் நின்றவர் எவரோ அதைக் குத்தல் என்று நினைத்திருக்க வேண்டும். ரத்தம் கிடையாது, மீன் நாற்றம் உண்டு. பிள்ளை தொண்டைக்குள் புகுந்து குடைந்தாலும் வாயை மூடாத தாய், ஒரு பிரசங்கத்துக்குப் போதாதா?

கே: கர்த்தருக்குக் காத்திருப்பதைக் கொக்கிடம் கற்கலாமா?

ப: பொறுமையைக் கற்கலாம், நோக்கத்தைக் கற்காதீர்கள். கொக்கு நிற்பது விழுங்குவதற்கு. வள்ளுவர்கூட அதைக் காட்டியது அரசனுக்குத்தான், ஜெபக்கூட்டத்துக்கு அல்ல.

கே: வாத்து மேல் தண்ணீர் ஒட்டாததுபோல் விசுவாசி உலகத்தோடு ஒட்டாமல் இருக்க வேண்டுமாமே?

ப: வாத்து குளத்தைவிட்டு ஓடிப்போகவில்லையே! வாலடிச் சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்து இறகெல்லாம் பூசிக்கொள்கிறது. தினமும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அல்ல.

கே: நீர்க்காகம் சிறகை விரித்துச் சிலுவைபோல் நிற்கிறதே?

ப: துணி காய்கிறது! அதன் இறகு நனையும். அதனால் முங்குவது சுலபம். மில்டனோ தம் காவியத்தில் சாத்தானையே நீர்க்காகம்போல் மரத்தில் உட்காரவைத்தார்.

கே: வேதத்தில் நீர்ப்பறவைக்கு இடம் உண்டா?

ப: எரேமியா 8:7 பாருங்கள். நாரைக்குத் தன் காலம் தெரிகிறது, ஜனங்களுக்கோ கர்த்தரின் நியாயம் தெரியவில்லையே என்று ஆதங்கப்படுகிறார். எபிரேயத்தில் நாரையின் பெயர் ‘ஹசிதா’. இரக்கத்தைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ளது. ஆனால் லேவியராகமம் 11இல் அது அசுத்தப் பறவை. பெயர் இரக்கம், பந்தியில் இடமில்லை. (சில சபைகளில் சில மனிதர்களுக்கும் இதே கதிதான்.)

கே: ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளைக் கூந்தன்குளம் கூட்டிப் போகலாமா?

ப: தாராளமாக. 1994 முதல் அது சரணாலயம். பறவைகள் மிரளும் என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்கே பட்டாசு வெடிப்பதில்லை. நீங்களும் தயவுசெய்து மைக்செட்டைக் கோயிலிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.