நொக்ஸ் துரையின் காது

புயலில் முறிந்த பாய்மரத்துக்கு மாற்று மரம் தேடி 1660இல் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் வந்தார்கள். மரம் தேட வந்தவர்களையே வளைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் றொபேர்ட் நொக்ஸ். வயது 19. கப்டனான தகப்பனும் கூடவே மாட்டினார்.

வெள்ளைக்காரரைப் பிடித்து வைத்துக்கொள்வதில் மன்னருக்குத் தனி ருசி. சிறைக்கூடமெல்லாம் கிடையாது. ஊருக்கு ஒருவராகப் பிரித்துவிட்டு, சோறு போடும் பாட்டை ஊராரின் தலையில் கட்டிவிடுவார். செலவில்லாத மிருகக்காட்சிச்சாலை.

நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். ஒரு தொப்பியைக் கொடுத்து ஆங்கில வேதாகமம் ஒன்றையே வாங்கினார். சிங்களமும் பேசப் பழகினார். பேசியதோடு நின்றிருக்கலாம். 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பியோடி, 1681இல் லண்டனில் புத்தகம் போட்டார். அத்தோடு பிடித்தது கண்டிச் சீமை ஊர்ப்பெயர்களுக்குக் கண்டம்.

தாளிப்பனை ஓலையில் எழுத்தாணியால் இந்த ஊரார் எழுதுவதை அவர் கண்ணால் கண்டவர்தான். ஆனால் கையிலிருந்தது ஆங்கில எழுத்து. அந்தக் காலத்து லண்டனில் சொந்தப் பெயரையே ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், கேட்பாரில்லை. பிறகு நம் பெயர்களுக்கு யார் பொறுப்பு? மகாவலி கங்கை 'மாவெலகோங்கா' ஆயிற்று. சரி, ஆறுதானே, ஓடித் தப்பிவிடும். தகப்பன் காய்ச்சலில் செத்த பண்டார கொஸ்வத்தை 'பொண்டர் கூஸ்வட்'. வீடு கட்டி இருந்த எலதெத்த 'எல்லெடட்'. ஏழு கோறளையோ 'ஹொட்கோர்லி'. இங்கிலீஷ் தெரிந்தவர் வாசித்தால் ஏதோ சுடச்சுடச் சுருட்டிய தலைமயிர் என்றே நினைப்பார்.

உச்சம், தலைநகரான செங்கடகல நுவர. 'ஹிங்கோடகுல் நியூர்' என்று எழுதினார். சுடுசோற்றை வாயில் அடக்கிக்கொண்டு சொல்லிப் பாருங்கள், அப்படித்தான் வரும். போதாததற்கு, சிங்களவரின் நகரம் என்று பொருளும் சொன்னார். ஊர்க்கதையோ செங்கண்ட என்றொரு பிராமணரைக் காட்டுகிறது.

ஆனால் துரையை ஒரேயடியாகக் கழுவில் ஏற்றவும் மனமில்லை. சிங்களத்தில் 'ச' அடிக்கடி 'ஹ' ஆகும். ஏழு என்பது 'சத்'தும்தான், 'ஹத்'தும்தான். அந்த 'ஹிங்' ஏதோ ஒரு கிராமத்துக் கிழவியின் வாயிலிருந்து அப்படியே வந்ததாக இருக்கலாம். காது நல்ல காதுதான். கை செய்த வேலை அது.

இன்னொன்றும் அவர் எழுதிவைத்திருக்கிறார்: இதே நகருக்குக் கண்டி என்பது கிறிஸ்தவர்கள் சொல்லும் பெயர், மலை என்று பொருள்படும் 'கந்த'விலிருந்து வந்திருக்கலாம், ஊரார் சொல்வதோ 'மௌனியூர்', அதாவது மஹநுவர.

இன்று கண்டி ரயில் நிலையப் பலகையில் சிங்களத்தில் மஹநுவர. தமிழிலும் ஆங்கிலத்திலும் கண்டி. ஹிங்கோடகுல் எந்த மொழியிலும் இல்லை.