‘டக்’ சத்தம் கேட்கிறதா?

கே: ரிமோட்டை அமுக்கினால் மூன்று கதவு திறக்கிறது. இடது பின் கதவு மட்டும் பரமபத வாசல் மாதிரி வைகுண்ட ஏகாதசிக்குக் காத்திருக்கிறது. நாலு லாக் மோட்டாரையும் மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா?
— ‘நாலாம் கதவு’, வடக்கு உத்திர வீதி, ஸ்ரீரங்கம்

ப: வீட்டில் ஒருத்தருக்கு ஜுரம் என்றால் தெருவுக்கே ஊசி போடுவார்களா? ‘மூன்று கதவு திறக்கிறது’ என்று எழுதினீர்களே, அங்கேயே பாதி வைத்தியம் முடிந்தது. ரிமோட் நல்லது, ஃப்யூஸ் நல்லது, பெரும்பாலும் கன்ட்ரோல் பெட்டியும் நல்லது. குற்றவாளி அந்தக் கதவுக்குள் இருக்கிறான், அல்லது கதவுக்குப் போகிற வழியில்.

கதவில் காதை வையுங்கள். உள்ளே ‘கர்ர்’ என்று சுற்றுகிறது, லாக் அசையவில்லை என்றால் மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கும், இல்லை இழுகம்பி கழன்றிருக்கும். சத்தமே இல்லையா? உடனே மோட்டார் மேல் பழி போடாதீர்கள். கதவைத் திறந்து கீல் பக்கம் பாருங்கள். பாடிக்கும் கதவுக்கும் நடுவே யானைக்குட்டியின் தும்பிக்கை மாதிரி ஒரு கறுப்பு ரப்பர் குழாய் இருக்கும். ஒயரெல்லாம் அதற்குள்தான். திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும் அங்கே மடங்கி நிமிர்கின்றன. ஒருநாள் உள்ளே செம்பு அறுந்துவிடும். மேல்தோல் ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும். 1976-இல் திறந்த நம் காவிரிப் பாலத்தை 2022 நவம்பரில் மூடி ஊரையே சுற்ற வைத்தார்களே, அதுவும் இணைப்புகளையும் பேரிங்குகளையும் சரிசெய்யத்தான்!

சந்தேகம் தீர டோர் பேடைக் கழற்றுங்கள். மோட்டாருக்கு இரண்டே ஒயர். பூட்ட ஒரு திசையில் கரன்ட், திறக்க எதிர்த் திசையில். டெஸ்ட் லேம்பை அந்த இரண்டுக்கும் நடுவே பிடித்து ரிமோட்டை அமுக்கினால், ஒரு நொடிக்கும் குறைவாகக் கண் சிமிட்ட வேண்டும். (ஒரு முனையை பாடியில் எர்த் பண்ணிப் பார்த்தால் ஏதாவது ஒரு திசைக்குத்தான் எரியும், பாதி உண்மை.) சிமிட்டினால் மோட்டார் போச்சு. சிமிட்டாவிட்டால் தும்பிக்கையைக் குடையுங்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஒரு பட்டறையில் மூன்று மோட்டார் மாற்றிய பிறகு, நாலாவதாக ஒரு பெரியவர் வந்து இரண்டு அங்குல ஒயரை ஒட்டுப்போட்டு அனுப்பிவைத்தார்.

கே: மழை பெய்தால் என் பழைய கார் தானாகவே பூட்டிக்கொள்கிறது. அம்மா மண்டபம் பக்கம் நிறுத்தினதிலிருந்துதான் இப்படி. காத்து கருப்பா?
— ‘பயந்த சுபாவம்’, தில்லை நகர்

ப: காத்து இல்லை, தண்ணீர். பழைய கார்களில் பிற்பாடு மாட்டுகிற சென்ட்ரல் லாக்கில் டிரைவர் கதவுக்கு ஐந்து ஒயர்: இரண்டு மோட்டாருக்கு, மூன்று சுவிட்சுக்கு. அந்த சுவிட்ச் ஒயரில் ஒன்று எர்த்தைத் தொட்டால் போதும், ‘முதலாளி பூட்டச் சொல்கிறார்’ என்று மற்ற கதவுகள் கீழ்ப்படிந்துவிடும். கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் மழைநீர் இறங்குவது சகஜம். அது வடியத்தான் கதவின் அடியில் ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். ஆற்றங்கரைச் சருகும் மணலும் அதை அடைத்திருக்கும். தென்னை ஈர்க்கால் குத்திவிடுங்கள். சுவிட்சையும் கப்ளரையும் துடைத்துக் காயவையுங்கள். மந்திரிக்கிற செலவு மிச்சம்.

கே: வானொலி நிலையத்துப் பக்கம் வந்தால் ரிமோட் வேலை செய்வதில்லை. வானொலிதான் இடைஞ்சலா?
— ‘பழைய நேயர்’, கண்டோன்மென்ட்

ப: 1939-இலிருந்து பாடிக்கொண்டிருக்கிற நிலையத்தின் மேல் இப்படி ஒரு புகாரா? திருச்சி மீடியம் வேவ் 936 கிலோஹெர்ட்ஸ். நம் ஊர்க் கார் ரிமோட்டுகளில் பெரும்பாலானவை 433 மெகாஹெர்ட்ஸ் பக்கம். நானூறு மடங்குக்கு மேல் தள்ளி உட்கார்ந்திருக்கிறவர்கள் சண்டை போடுவது கஷ்டம். வேறு தெருவிலும் கிட்டே போனால்தான் திறக்கிறதா என்று பாருங்கள். ஆமாம் என்றால் ரிமோட்டின் பட்டன் செல் ஓய்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர் 2032, புதிதில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். அவசரத்துக்கு ரிமோட்டை மோவாயில் ஒட்டி அமுக்கினால் இன்னும் கொஞ்ச தூரம் எட்டும். தலையே ஏரியலுக்குத் துணை போகும். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

கே: லாக் ஃப்யூஸ் வாரம் ஒன்று போகிறது. 15 ஆம்பியருக்குப் பதில் 30 போடலாமா?
— ‘சிக்கனம்’, உறையூர்

ப: போடலாம். அப்புறம் ஒயர்தான் ஃப்யூஸ். அதைவிட, கதவு கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றினதும் ஃப்யூஸ் நிற்கிறதோ, அந்தக் கதவின் தும்பிக்கைக்குள் தோலுரிந்த ஒயர் பாடியைத் தொடுகிறது.

கே: பின் கதவு வெளியிலிருந்து திறக்கிறது, உள்ளேயிருந்து திறக்கவில்லை. ரிலே போய்விட்டதா?
— ‘தாத்தா’, கே.கே. நகர்

ப: பேரன் லீவுக்கு வந்து போனானா? கதவின் விளிம்பில் சின்னதாக ஒரு நெம்பு இருக்கும், சைல்ட் லாக். அதைத் தள்ளிவிடுங்கள்.