பினாங்கில் பேய் மாதம்

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்புள்ள அக்காவுக்கு,

பருப்புப்பொடிக்குள் நீ ஒளித்து அனுப்பிய தாயத்து பத்திரமாக வந்து சேர்ந்தது. பேய் மாதத்தில் தம்பி தனியாகக் கிடக்கிறானே என்று பயப்படுகிறாய். இந்த ஊர்ப் பேய்கள் சாது. சோறு போட்டால் போதும், ஊர்வம்பு கேட்காது.

சீனர்களின் ஏழாம் மாதம் நம் ஆடிக்கு உடன்பிறப்பு. கல்யாணம் வைக்க மாட்டார்கள், வீடு மாற மாட்டார்கள். நரகத்தின் கதவு திறந்து, சோறு வைக்க ஆளில்லாத ஆவிகளும் பசியோடு வந்துவிடுமாம். அதனால் தெருவோரமெல்லாம் ஊதுபத்தி, சோறு, பழம். கட்டுக்கட்டாக நரக வங்கி நோட்டுகளை எரிக்கிறார்கள்; அதிலுள்ள பூஜ்யங்களைப் பார்த்தால் நம் தெரு வட்டிக்கடைக்காரர் மயங்கி விழுவார். மேடைக் கூத்தில் முன்வரிசை நாற்காலிகள் பேய்களுக்கு. மந்திரியே வந்தாலும் பின்னால்தான்!

பேய்களை மேய்க்க 'தாய் சூ யா' என்று ஒரு ராஜா. முழி பிதுங்கிய பிரம்மாண்டக் காகித உருவம். தலைமேல் கருணைத் தெய்வம் குவான் யின் சின்னதாக உட்கார்ந்திருப்பாள். கடைசியில் அந்த ராஜாவையும் கொளுத்தி வழியனுப்பிவிடுவார்கள். பயத்துக்கும் ஒரு கெடு வைத்திருக்கிறார்கள், பார்த்தாயா! விருந்தில் ஏலம் விட்டு, வசூலைச் சீனப் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுப்பதும் உண்டு.

என்னைப் பேய் பிடிக்கவில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, தூக்கம் வராமல் போனைத் தடவிக்கொண்டிருக்கும் நேரம்தான் பிடிக்கிறது. நீ அனுப்பும் பேய் வீடியோக்களை நிறுத்து, தாயே. சாயங்காலம் கூத்துப் பந்தலில் நாலு பேரோடு உட்கார்ந்தால் மனசு லேசாகிறது. ஆளில்லாத ஆவிக்கே இலை போடும் ஊர், ஆளில்லாத எனக்கு ஒரு டீ தராதா?

எல்லோருக்கும் அது போதாது. பக்கத்து அறை மன்னார்குடிப் பையனுக்குப் போன வருஷம் அப்பா தவறிவிட்டார். இங்கே புகை வாசம் வந்தாலே சுடுகாட்டு நினைவு வந்து அழுவான். மலேசியச் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான 15555-க்குப் பேச வைத்தேன். பேய் ஓட்டவில்லை, பொறுமையாகக் கேட்டார்களாம். இப்போது ஓரளவு தூங்குகிறான்.

மாமா போனதிலிருந்து அத்தை ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லை என்று எழுதியிருந்தாய். மந்திரிக்க அழைத்துப் போவதானால் போ, நான் தடுக்கவில்லை. அதற்கு முன்னால் 14416-ஐக் கூப்பிடு. டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அத்தை கையில் போனைக் கொடுத்துவிட்டு, நீ கொஞ்சம் தள்ளிப் போய் நில். நீ பக்கத்தில் இருந்தால் அவர் வாயே திறக்க மாட்டார்.

உன் தம்பி