முந்திரிக்காடும் மூணு ரூபாய் டிவிடெண்டும்

கே: பேங்க் டெபாசிட்டில் நூற்றுக்கு 7 ரூபாய் வருகிறது. டிவிடெண்ட் பங்குகளில் 3 ரூபாய் வந்தாலே அதிகமாம். இதில் பணம் போடுகிறவர்களுக்குக் கணக்கே தெரியாதா?
- ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செந்துறை

ப: ஐயா, அந்த 7 ரூபாய் அடுத்த வருஷமும் 7 ரூபாய்தான். 3 ரூபாய் டிவிடெண்ட் வருஷத்துக்கு 10 சதவீதம் வளர்ந்தால் 9 வருஷம் கழித்து 7-ஐத் தாண்டும். 15 வருஷம் கழித்துப் பன்னிரண்டரை. 'வளர்ந்தால்' என்பதில் உள்ள 'ஆல்' எவ்வளவு கனமானது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஏப்ரலில், 2019-20 நிதியாண்டு லாபத்திலிருந்து இனி டிவிடெண்டே தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் பூட்டுப் போட்டது. பொறுமையும் வேண்டும்: உங்கள் ஊரில் முந்திரி ஒட்டுச்செடி வைத்தவர் முதல் வருஷமே சாக்கைத் தூக்கிக்கொண்டு கொட்டை பொறுக்கப் போவதில்லை அல்லவா? மாத்திரைச் செலவுக்கான பணம் டெபாசிட்டிலேயே இருக்கட்டும். பேத்திக்குச் சேர்ப்பதில் கொஞ்சத்தை இங்கே நடுங்கள்.

கே: '500 சதவீத டிவிடெண்ட்' என்று பேப்பரில் போட்டிருக்கிறதே!
- டீக்கடை பெஞ்சிலிருந்து, பொன்பரப்பி

ப: முகமதிப்பில் 500 சதவீதம். முகமதிப்பு 1 ரூபாய் என்றால் கைக்கு வருவது 5 ரூபாய். சந்தையில் அந்தப் பங்கு 1,000 ரூபாய் விற்றால், நீங்கள் பார்ப்பது அரை சதவீதம். டீயை ஆற விடாதீர்கள்.

கே: டிவிடெண்டுக்கு முந்தின நாள் வாங்கி, மறுநாள் விற்றுவிட்டால்?
- கல்லூரி மாணவர், அரியலூர்

ப: கறந்த மாட்டைக் கறக்காத மாட்டின் விலைக்கு எவன் வாங்குவான்? எக்ஸ்-டேட் அன்று, அதாவது அன்று முதல் வாங்குகிறவருக்கு அந்த டிவிடெண்ட் இல்லை என்கிற நாளில், பங்கு விலையும் ஏறக்குறைய அதே அளவு இறங்கித் தொடங்கும். கறந்த பாலுக்கு வருமான வரி வேறு.

கே: அதிகமாகத் தருகிற கம்பெனியாகப் பார்த்து வாங்கினால் போதாதா?
- முந்திரி விவசாயி, செந்துறை

ப: 2022-23இல் வேதாந்தா ஒரு பங்குக்கு 101 ரூபாய் 50 பைசா கொடுத்தது. அடுத்த நிதியாண்டில் 29 ரூபாய் 50 பைசா. முதல் தொகையை நம்பி வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியவர் என்ன ஆவார்? அமெரிக்காவில் கொக்கோ கோலா 60 ஆண்டுகளுக்கும் மேலாக வருஷம் தவறாமல் டிவிடெண்டை ஏற்றி வருகிறது. ஏற்றம் சில காசுகள்தான், ஆனால் நிற்கவில்லை. பத்து வருஷ ஆண்டறிக்கைகளைப் புரட்டுங்கள். லாபம் வளர்ந்ததா, கடன் வாங்கி டிவிடெண்ட் கொடுத்தார்களா என்று பாருங்கள். தோப்பைக் குத்தகைக்கு எடுக்குமுன் முந்தின வருஷங்களின் காய்ப்பை விசாரிக்கிறீர்களே, அதே விசாரணைதான்.

கே: தளவாய் சிமென்ட் ஆலையைத் தினமும் பார்க்கிறேன். தெரிந்த கம்பெனியாயிற்றே, வாங்கலாமா?
- பஸ் பயணி

ப: உங்களுக்குத் தெரிந்தது புகைபோக்கி. அந்த ஆலையை வைத்திருந்த இந்தியா சிமென்ட்ஸ் 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் வசம் போனது பஸ் ஜன்னலில் தெரிந்ததா? சிமென்ட் விலையும் நிலக்கரி விலையும் ஏறி இறங்கும் தொழில் இது. டிவிடெண்டும் கூடவே ஆடும்.

கே: மறைந்த அப்பாவின் பழைய பங்குப் பத்திரங்கள் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. பிரயோஜனம் உண்டா?
- ஒரு மகள், ஜெயங்கொண்டம்

ப: தொடர்ந்து 7 ஆண்டுகள் டிவிடெண்டை யாரும் வாங்காவிட்டால், அந்தத் தொகையும் பங்குகளும் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். போனாலும் வாரிசு கேட்டு வாங்கலாம். முதலில் கம்பெனிக்குக் கடிதம் எழுதுங்கள்; இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தயாராக இருக்கட்டும். அதற்கும் முன்னால், பெட்டியைத் திறந்து கரையானைத் தட்டுங்கள், அம்மா.